காயாத நீலம்

கணவர் ஜெயக்காந்தன் இறந்தபின் தனியாக இருந்த ரஜனி, மாத்தளையில் ஞாயிறு ஓவிய வகுப்பில் சேர்ந்தாள். முதல் பாடத்துக்கு, அவர் தேத்தண்ணி குடித்த நீலக் கோப்பையை ஆயில் பெயின்டில் வரைந்தாள்.

"மெல்லிசா பூசுங்கக்கா. ஒரு கிழமையில காஞ்சிரும்," என்றாள் டீச்சர் விதுஷா.

வீட்டில் மறுநாள் படத்தைப் பார்த்தபோது, கோப்பையின் கைப்பிடியில் ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது ஜெயக்காந்தனுக்குக் கத்தி பட்ட தழும்பும் அதில் தெரிந்தது. ரஜனி மேலே பூசினாள். விடிந்ததும் மறுபடி பதிந்திருந்தது.

ஞாயிறன்று விதுஷா கேட்டாள்: "வீட்டுல யாரு அக்கா தொட்டது?"

"எங்க வீட்டுக்காரருதான்."

"காயுற வரைக்கும் தொட வேணாம்னு சொல்லுங்க."

ரஜனி தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து, சீக்கிரம் காய்ந்துவிடாதபடி கைப்பிடியில் நீலத்தைத் தடிப்பாக அப்பினாள்.