வண்டி வரட்டும்

“சார், கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களா? நீங்க எங்க தலைவர் மேல சாஞ்சுக்கிட்டு இருக்கீங்க.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவர் முதுகு பட்ட இடத்தில் ஒரு பித்தளைத் தகடு. அதில் பூங்காக் குழுத் தலைவரின் பெயர், பட்டங்கள் சகிதம் பளபளத்தது.

“மன்னிச்சுக்குங்க சார். வண்டி வரட்டும், கிளம்பிடறேன்.”

எழுப்பியவர் குழுவின் செயலாளர். மாற்றுத்திறனாளிகளும் தடையில்லாமல் வந்துபோகும் பூங்கா என்று ஊரெல்லாம் தட்டி வைத்தாயிற்று. சாய்தளம், அகலப் பாதை, தடவிப் படிக்கும் பலகை எல்லாம் தயார். ரிப்பன் வெட்ட வேண்டிய பயனாளியை மட்டும் காணோம். அவரைப் போனில் கூப்பிட்ட பொருளாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வருகிறவர் எப்படி இருப்பார், அவருக்கு என்ன சிரமம், செயலாளருக்கு ஒன்றும் தெரியாது.

“பயனாளி வரலேன்னா, அடுத்த கூட்டத்துக்குப் புதுச் செயலாளர் வருவார்” என்று தலைவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். இப்போது அந்தத் தலைவரையும் காணோம், போட்டோக்காரரையும் காணோம்.

சற்று முன்புதான், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவரைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிப்போய், “படி இருக்கு, பார்த்து” என்று சொல்லப்போக, “வெயிலுக்குப் போட்டிருக்கேன், கையை விடுய்யா!” என்று அவர் உதறிவிட்டார். பூங்காவிலேயே படி வைத்துக் கட்டிய ஒரே இடம் அந்த மேடைதான்.

“என்ன வண்டி? டிரைவர் எங்கே?” என்றார் செயலாளர்.

“டிரைவர் எல்லாம் கிடையாது சார். நானேதான் ஓட்டுவேன். உங்க தலைவர் எடுத்துட்டுப் போயிருக்கார்.”

“எங்க தலைவரா? அவருக்கு சைக்கிள்கூட ஓட்ட வராதே!”

“ஆமா, ஓட்ட வரலை. போட்டோக்காரர்தான் பின்னாலேருந்து தள்ளிட்டுப் போனார்.”

“அவ்வளவு ஓட்டை வண்டியா?”

பெஞ்சுக்காரருக்குச் சுருக்கென்றது. “போன மாசம்தான் சார் வாங்கினேன்!”

செயலாளருக்குத் தலை சுற்றியது. புது வண்டியாம், அதைத் தள்ளிக்கொண்டு போனார்களாம். வண்டி நிறுத்துமிடம்வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நிறுத்தின வண்டியெல்லாம் நிறுத்தினபடியே இருந்தது.

“உங்ககிட்ட என்ன சொல்லி வாங்கினார்?”

“ஒரே ஒரு போட்டோன்னார். என்னை இந்தப் பெஞ்சுல உட்கார வெச்சதே அவர்தான். நான் யாரு, என்னன்னு கேக்கலை. வண்டியைத்தான் பார்த்தார்.”

ஒலிபெருக்கி கரகரத்தது. “பயனாளி அவர்கள் எங்கிருந்தாலும் உடனே எழுந்து மேடைக்கு வரவும்.”

“பயனாளின்னா யாரு சார்?”

“இந்தப் பூங்காவால பயன் அடையப் போறவர்.”

“இதுவரைக்கும் உங்க தலைவர்தான் அடைஞ்சிருக்கார்” என்று சிரித்தார் பெஞ்சுக்காரர். “எனக்குப் போன் பண்ணினவர் சிறப்பு விருந்தினர்னு சொன்னார்.”

“எல்லாரையும் அப்படித்தான் கூப்பிட்டோம். இல்லேன்னா கூட்டம் வருமா?”

“அதுவும் சரிதான். ஏரிக்கரை வரைக்கும் பாதை போட்டிருக்கீங்களாமே? இத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், அந்தத் தண்ணியைக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. முதல் ஆளாப் போய்ப் பார்த்துடணும்னு ஆசை.”

“தாராளமாப் போங்க! இதோ, நாலு எட்டு.”

“வண்டி வரட்டும் சார்.”

செயலாளருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நாலு எட்டுக்கு வண்டியா? உங்களை மாதிரி ஆளுங்களுக்கு நடக்கவே வலிக்குதுய்யா! எனக்கு இங்க பதவியே போகப்போகுது. அந்தப் பயனாளி மட்டும் கையில கிடைச்சா, தோள்ல தூக்கிட்டுப் போய் ரிப்பன் வெட்ட வெப்பேன்!”

“ஐயோ, அவ்வளவு சிரமம் எதுக்கு சார்?” என்றார் பெஞ்சுக்காரர்.

திடீரென்று கைதட்டல். சாய்தளத்தில் தலைவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். நீல நிறச் சக்கர நாற்காலியில் சாய்ந்து, கூட்டத்துக்குக் கையசைத்தபடி. பின்னால் போட்டோக்காரர் வேர்க்க விறுவிறுக்கப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“யோவ் செயலாளரே! பயனாளி கிடைச்சாரா, இல்லையா?”

பெஞ்சுக்காரர் செயலாளரின் சட்டையை மெல்ல இழுத்தார்.

“சார், வண்டி வந்துடுச்சு.”