நாலடி ஒரு அங்குலம்

“சத்தியமா நான் தொடவே இல்லைக்கா!”

தம்பி தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். ஆனால் சட்டையெல்லாம் மரத்தூள், கையில் உப்புத்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவனின் சத்தியத்தை அக்கா நம்புவதாக இல்லை.

அவள் பார்வை படுக்கையறைக் கதவின் நிலைச்சட்டத்தை விட்டு அகலவில்லை. இடுப்பு உயரத்திலிருந்து தோள் உயரம் வரை வெளுத்த திட்டு ஒன்று. நேற்று வரை அங்கே நான்கு பென்சில் கோடுகள் இருந்தன.

அப்பா, அக்கா, தம்பி மூவருமாக நடத்தும் உள் அலங்காரத் தொழில் அது. பழைய பாணியில் அவர்கள் ஒரு வீட்டை முடித்துக் கொடுத்தால், அது நேற்றுக் கட்டியதா, நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியதா என்று கட்டினவனுக்கே சந்தேகம் வரும். இந்த வீடு ஒரு டீச்சருடையது. இரண்டு மாத வேலை முடிந்து, இன்று பதினோரு மணிக்கு அவர் குடிவருகிறார்.

“எதை வேணா மாத்துங்க. இந்த நிலையை மட்டும் யாரும் தொடாதீங்க” என்று முதல் நாளே சொல்லியிருந்தார் டீச்சர்.

அவருக்கு ஒரே பையன். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அந்த நிலையில் சாய்ந்து நிற்பான். அம்மா கோடு போடுவார், பக்கத்தில் அவனே வயதை எழுதுவான். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதுக்கு அவன் இல்லை. அவன் போய் மூன்று வருஷமாயிற்று.

“நான் பாத்துக்கறேன் டீச்சர்” என்று வாக்குக் கொடுத்தவள் அக்காதான்.

“ஜன்னல் கட்டையைத்தான் தேய்ச்சுட்டிருந்தேன். நான் வந்தப்பவே இது இப்படித்தான் இருந்துச்சு” என்றான் தம்பி அழாக்குறையாக. “நீயே பாரேன், மர ரேகைக்குக் குறுக்கே தேய்ச்சிருக்கு. நான் என்னிக்காவது குறுக்கே தேய்ச்சிருக்கேனா?”

“பின்னே பேய் வந்து தேய்ச்சுதா? நேத்து சாயங்காலம் டீச்சர் தனியா வந்து பாத்துட்டுத்தானே சாவியைக் கொடுத்துட்டுப் போனாங்க? கோடு இல்லைன்னா அப்பவே கேட்டிருக்க மாட்டாங்களா? அதுக்கப்புறம் உள்ளே வந்தது நீ ஒருத்தன்தான்!”

தம்பி உப்புத்தாளைத் தரையில் வீசினான்.

“டீச்சர்கிட்ட உள்ளதைச் சொல்லிடலாம்மா” என்றார் அப்பா மெதுவாக.

“என்னன்னு சொல்றதுப்பா? கதவு போனா வேற கதவு போட்டுத் தரலாம். இதை எந்தக் கடையில போய் வாங்கித் தருவீங்க?” என்றாள் அக்கா. பெற்றவளுக்கு மிச்சமிருந்த ஒன்றையும் தொலைத்துவிட்டு எந்த முகத்தோடு வாசலில் நிற்பது?

மணி ஒன்பதரை. சட்டென்று நிமிர்ந்தாள்.

“அப்பா, உங்க அளவு நோட்டு எங்கே?”

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டிலும் கைவைப்பதற்கு முன், சுவரில் உள்ள ஆணி ஓட்டை முதல் தரையில் உள்ள கீறல் வரை அளந்து எழுதி, போட்டோவும் எடுத்துவிடுவார். மூட்டைப்பூச்சியைக்கூட அளக்கிற மனுஷன் என்று பெற்ற பிள்ளைகளே கிண்டல் செய்வார்கள். இன்று அந்த நோட்டு தெய்வம்போல வந்தது.

வெளுத்த இடத்தில் தம்பி சாயத்தை ஒற்றி ஒற்றிப் பழைய நிறத்தைக் கொண்டுவந்தான். காய்வதற்குள் மூவருக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

“மூணு அடி ஆறு அங்குலம்” என்று விருப்பமில்லாமல் படித்தார் அப்பா. தம்பி டேப்பைப் பிடித்தான். அக்கா கோடு இழுத்தாள்.

“மூணு, எட்டரை. மூணு, பதினொண்ணு. நாலடி ஒரு அங்குலம். அவ்வளவுதான்மா, அதுக்கு மேலே இல்லை.”

போட்டோவைப் பார்த்து எழுத்துகளை இடது கையால் எழுதினாள். குழந்தையின் கோணல்மாணல் அப்படியே வந்தது. எட்டுக்குப் பக்கத்தில் பையன் ‘அடுத்த வருஷம் அம்மா தோள்’ என்று எழுதியிருந்தான். அதை எழுதும்போது கண்ணீர் கண்ணை மறைத்தது. செத்த பிள்ளையின் கையெழுத்தைப் போடுகிறாயே பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பென்சிலைக் கீழே வைக்கவும் வாசலில் கேட் திறக்கவும் சரியாக இருந்தது.

டீச்சர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மெழுகு போட்ட தரையையும் கடைந்த மரத் தூண்களையும் தடவினார். முகம் தெளிவாக இருந்தது.

“மூணு வருஷத்துல இன்னிக்குத்தாம்மா இந்த வீட்டுக்குள்ள பயமில்லாம நுழையறேன்” என்றபடி படுக்கையறைப் பக்கம் நடந்தார்.

நிலையைக் கண்டதும் அவர் கால்கள் நின்றுவிட்டன. மெல்ல மண்டியிட்டு ஒவ்வொரு கோடாக விரலால் தொட்டார். கண்டுபிடித்துவிட்டாரோ? ஒரு புள்ளியைக்கூட விடவில்லையே! அக்கா முந்திக்கொண்டாள்.

“நீங்க சொன்ன மாதிரியே யாரும் தொடலை டீச்சர்” என்றாள். “பத்திரமா வெச்சிருக்கோம்.”

டீச்சர் அப்படியே தரையில் சரிந்து குரலெடுத்து அழுதார்.

“மனசைக் கல்லாக்கிக்கிட்டு, நேத்து என் கையாலயே இதை அழிச்சேனேம்மா!”