நலங்குப் பூட்டு

“என் ஆசை ஒண்ணைப் பூட்டி வச்சிருக்கேன். உடைச்சுப் படிக்க எவ்வளவு நாளாகும்?” என்று நலங்கின்போது கேட்டாள் மஞ்சரி.

“இந்தக் கம்பைலர்ல ஒரே மாசம்” என்றான் இளம்பரிதி, திரையைப் பார்த்தபடியே.

மணமகள் தன் ஆசையைப் பூட்டிய கடவுச்சொல்லை மணமகனின் மென்பொருள் உடைப்பதுதான் இப்போது சம்பிரதாயம். ஆசை என்னவென்று வாய்விட்டுக் கேட்பது மாப்பிள்ளைக்கு இழுக்கு. ஆனால் எழுதிய நிரலைக் கணினி ஓட்டும்படி மாற்றித் தரும் கம்பைலரின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம், வேகம் கூடும் என்று ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கினான் இளம்பரிதி. அதற்குள் மகள் பிறந்து பள்ளிக்கூடமே போக ஆரம்பித்துவிட்டாள்.

இன்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் அதே பேச்சு. “புதுசு வந்திருக்கு மஞ்சு. ரெண்டு மடங்கு வேகமாம்.”

“போன தடவை வந்த புதுசு பழசைவிட மெதுவா ஓடுச்சே?”

“அது வேற பதிப்பு.”

மஞ்சரி அவன் மடிக்கணினியை மூடினாள்.

“சாப்பிடும்போதாவது என் முகத்தைப் பார்த்துப் பேசுங்க. அன்னிக்கு நலங்குல நான் பூட்டின ஆசையும் இதுதான்.”