தலைவர் நிற்கவில்லை

தலைவரின் தொகுதிக்கு விலையே கிடையாது என்பார்கள். அச்சகத்து வாசலில் நின்றபோது பொருளாளருக்கு அதன் விலை தெரிந்துவிட்டது: ஒரு சாவு.

இயந்திரம் கக்கிக்கொண்டிருந்த போஸ்டர்களில் நாலு பக்கமும் பட்டையாகக் கறுப்புக் கட்டம். நடுவில் படத்துக்கான இடம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.

"யாருக்குய்யா இது?"

அச்சகக்காரர் குரலைத் தாழ்த்தினார். "தலைவர் வீட்டு ஆர்டர்ணே. படம் சாயங்காலம் வருமாம். வெளியில மூச்சு விடக்கூடாதுன்னு உதவியாளர் சொல்லிட்டுப் போயிருக்காரு. நான் சொன்னேன்னு தெரிஞ்சா..."

"நீ எங்கய்யா சொன்னே? நான் எங்க கேட்டேன்?" பொருளாளர் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

"சட்டசபைத் தேர்தலில் நான் நிற்கவில்லை" என்று காலையில் தலைவர் இரண்டே வரியில் அறிக்கை விட்டதும் கட்சியே படுத்துவிட்டது. அவர் முகத்தைக் காட்டித்தான் மற்ற வேட்பாளர்கள் எல்லோரும் ஓட்டுக் கேட்பார்கள். சரக்கில்லாத கடைக்கு அவர்தான் விளம்பரப் பலகை. பலகையைக் கழற்றியாயிற்று, இனி முப்பது சீட்டுகூடத் தேறாது என்று மதியச் செய்தியிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஏன் நிற்கவில்லை என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. பொருளாளருக்கு இப்போது பிடிபட்டது. டாக்டர்கள் கையை விரித்திருக்கிறார்கள். மனிதர் முன்யோசனைக்காரர், தன் போஸ்டரைத் தானே அடிக்கக் கொடுத்துவிட்டார்.

துக்கம் வந்தது. அதன் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கணக்கும் எட்டிப் பார்த்தது. தேர்தல் நேரத்தில் தலைவர் கண்ணை மூடினால் ஊரே அழும். அழுகிற கை வேறு சின்னத்தைத் தொடாது. அவர் தொகுதியில் நிற்பவன் வீட்டில் படுத்துக்கொண்டே ஜெயிப்பான்.

தலைவர் தன் வீட்டுக் கூடத்தில் உதவியாளரோடு உட்கார்ந்திருந்தார்.

"வாய்யா கல்லாப்பெட்டி!" கட்சிக்குள் பொருளாளருக்கு அதுதான் பெயர். "உன்னைத்தான் கூப்பிட இருந்தேன்."

"அண்ணே, உடம்பு..."

"உடம்புக்கென்ன, கிடக்கு." தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். "ஜனங்களுக்கு என்னைப் பிடிக்கும் தம்பி. ஆனா பிடிக்கிறது வேற, ஓட்டு வேற. ஐயோ பாவம்னு அவங்க எனக்காக அழுது ரொம்ப நாளாச்சு. அதான் ஒதுங்கிட்டேன். இப்ப என் தொகுதி சும்மா கிடக்கு."

பொருளாளர் பேரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஆசையை முகத்தில் காட்டினால் விலை ஏறிவிடும் என்று அவருக்குத் தெரியும். "பெரியவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. நான் போய்..."

"நீ என் கூடப் பிறக்காத தம்பின்னு ஊருக்கே தெரியும். நீ நின்னா நான் நின்ன மாதிரி."

"யோசிக்கணும்ணே."

"தாராளமா யோசி. வெளியில வக்கீல் உட்கார்ந்திருக்காரு. நீ வேணாம்னா அவருக்குத்தான்னு..."

"யோசிச்சுட்டேன்ணே!"

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். உதவியாளர் கைப்பேசியை உயர்த்திப் பொருளாளரை ஒரு படம் எடுத்தார். "வேட்பாளர் படம்ணே. சிரிக்காதீங்க, பல்லு தெரியாம மரியாதையா இருக்கட்டும்."

தலைவரின் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றார். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. "சாப்பிட்டியாப்பா? ஒரு வாய் சாப்பிட்டுப் போயேன்."

"வந்து சாப்பிடறேன் அண்ணி." புருஷனைப் பறிகொடுக்கப்போகிறவர் என்று பொருளாளரின் மனம் இளகியது.

"ஸ்கூட்டர்ல போகாதே, வேட்பாளர் நீ," என்றார் தலைவர். "என் வண்டியிலயே போய் மனுவைக் குடு. நாலு பேர் பார்க்கட்டும்."

நாலு பேர் இல்லை, தெருவே பார்த்தது. கட்சிக்கொடி பறந்த வண்டியின் கறுப்புக் கண்ணாடிக்குள் இருப்பது தலைவர் என்று நினைத்துக் கடைக்காரர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். பொருளாளர் உள்ளேயிருந்தபடி எல்லோருக்கும் பதில் கும்பிடு போட்டார்.

கிடங்குத் தெருவில் வண்டி நின்றது. "சக்கரத்துல ஏதோ சத்தம், பார்த்துட்டு வந்துடறேன்," என்று டிரைவர் இறங்கினார். பொருளாளர் அந்த இடைவெளியில் தலைவரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, உங்க தொகுதியைக் கண்ணு மாதிரி பார்த்துக்குவேன்."

"தெரியும்ப்பா. சரி, போ."

தலைவர் போனைத் தொடுவதில்லை. காதில் வைப்பதும் எடுப்பதும் அணைப்பதும் உதவியாளர் வேலை. தலைவர் பக்கம் அணையும்வரை தான் அணைப்பது மரியாதையில்லை என்பது பொருளாளரின் பல வருஷப் பழக்கம். இன்று உதவியாளருக்கு என்ன அவசரமோ, போனை அணைக்காமல் அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டார்.

"டிரைவர் இறங்கிட்டானாம்ணே," என்று உதவியாளர் குரல் கேட்டது. "அச்சகத்துப் போஸ்டருக்குப் பொருளாளர் படத்தை அனுப்பிட்டேன். உங்களுக்கு வச்ச குறியில அவர் போயிட்டாருன்னு ஜனங்க நம்புவாங்களா?"

"என் வண்டி, என் கொடி. நம்பாம?"

பொருளாளர் கதவின் பிடியை இழுத்தார். திறக்கவில்லை. டிரைவர் சக்கரத்தின் பக்கமே போகாமல் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார். அதே முனையிலிருந்து இரண்டு மோட்டார் சைக்கிள்கள் மெதுவாக உள்ளே வந்தன.

போனுக்குள் ஒரு பெண் விசும்பும் சத்தம். அதன்மேல் தலைவரின் நிதானமான குரல்.

"எதுக்கு அழறே? ஒரு சீட்டுதான் குடுத்தோம், நூறு சீட்டு வருது."