தூளிக்குத் துணி

துணிக்கடைக்கு வந்தவன் ஒவ்வொரு துணியையும் வாயில் வைத்து ஊதினான். அப்புறம் காதோரம் கசக்கிப் பார்த்தான். கடைக்காரம்மா மலைத்துப் போனாள்.

"எதுக்குத் தம்பி இது?"

"தூளிக்குங்க அக்கா. அடியில மெத்தை மாதிரி தைச்சுக் கட்டணும். தூளியில முதுகுதான் முதல்ல குளிரும்."

"இந்த நைலானைப் பாருங்க, இறகு மாதிரி லேசு."

"சலசலங்குதே. புரண்டா தூக்கம் கெட்டுடும்."

"அப்ப இது?"

"காத்து உள்ள பூந்துடும்க்கா."

ஒருவழியாக ஒரு துணி தேறியது. கடைக்காரம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. மூன்று பிள்ளை பெற்றும் அவள் வீட்டுக்காரர் ஒரு நாள் தூளியை ஆட்டியதில்லை.

"குடுத்து வெச்ச குழந்தை! ஒரு மீட்டர் போதுமா?"

"ரெண்டரை வேணும். அம்மா நல்ல உயரம்."

கத்தரிக்கோல் அப்படியே நின்றது. "அம்மாவுக்கா?"

"ரிட்டயர் ஆயிட்டாங்க. மூட்டையைத் தானே சுமந்துகிட்டு, தனியா காட்டுக்குள்ள நடக்கப் போறாங்க. ரெண்டு மரத்துக்கு நடுவுல தூளி கட்டித் தூங்குவாங்களாம்."

"நீங்க தடுக்கலையா?"

"தடுக்காம இருப்பேனா? 'உன்னையே தூளியில போட்டுத் தூங்க வெச்சவடா நான், எனக்குத் தூளி கட்டத் தெரியாதா?'ன்னுட்டாங்க!"