சுமைதாங்கியும் காலிக்குடமும்

அணைத் தண்ணீருக்கு அடியில் ஒரு சுமைதாங்கிக் கல் நின்றது. பிள்ளைத்தாய்ச்சியாகவே செத்துப்போன ஒருத்தியின் பாரம் தீரட்டும் என்று, வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை இறக்கிவைக்க ஊரார் நட்ட கல் அது. அணை கட்டியபோது ஊரையே காலி செய்து வேறிடத்துக் காலனியில் குடிவைத்தார்கள். கல் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

"உனக்கு இங்கே என்ன வேலை?" என்று ஜிலேபிக் கெண்டை அடிக்கடி கேட்கும். அது அணையில் பிறந்த மீன். ஊர் என்றால் என்னவென்றே தெரியாது.

"யாராவது சுமையோடு வருவார்கள்" என்று கல் சொல்லும். அந்த மீனின் தாய்க்கும் அதையேதான் சொல்லியிருந்தது.

மூன்று வருஷம் மழை இல்லை. அணை வற்றி, கல் வெளியே வந்தது. கெண்டை அதன் காலடிக் குட்டையில் ஒடுங்கிக் கிடந்தது.

ஒருநாள் வெடித்துக் கிடந்த வண்டலில் வெள்ளத்தாய் நடந்து வந்தாள். ஊரைவிட்டுப் போன அன்று கடைசியாக அங்கே சுமை இறக்கியவள் அவள்தான். கல்லுக்கு அவளைத் தெரிந்துவிட்டது. தலையிலிருந்த குடத்தை இறக்கிக் கல்மேல் வைத்தாள். குடத்தில் கனமே இல்லை.

"தாயே, எங்க காலனிக்குக் குழாயில வர்றது இந்தத் தண்ணிதான். இந்த வருஷமாவது அணை ரொம்பணும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கெண்டைக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"உன்னை மறுபடியும் முங்கச் சொல்கிறாள். நீயும் சரி என்றாயா?"

"இறக்கிவைக்க வந்தவர்களிடம் மாட்டேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை" என்றது கல்.