விழுகிறவர்கள்

உதை வாங்கியவன் மீன் கூடைகளின் மேல் போய் விழுந்தான். தியேட்டரில் விசில் பறந்தது.

அவர் கண்ணைக் குறுக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

இவனில்லை.

அடுத்தவன் ஐஸ் பெட்டியில் மோதித் திரும்பினான். முகத்தில் ஒட்டுத்தாடி. தாடிக்கு மேலே டில்லிபாபுவின் மூக்கு.

அவ்வளவுதான். கதாநாயகன் குறுக்கே வந்து நின்றுகொண்டான்.

மகன் உயிரோடு இருந்தவரை அவனுடைய ஒரு படத்துக்கும் அவர் போனதில்லை. டில்லிபாபு சண்டைக் கலைஞன். அடி வாங்குவான். கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவான். நடிக்கிறவர்களுக்கு டூப் போடுவான். மாடியிலிருந்து விழும் காட்சி ஒன்றில் ரோப் அறுந்து செத்துப்போனான்.

அவன் வேலை செய்து முடித்திருந்த படங்கள் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியாயின.

ஒவ்வொன்றுக்கும் அவர் முதல் நாளே பகல் காட்சிக்குப் போனார். வீடு திரும்பினால் மருமகள் எழிலரசி கேட்பாள்.

“படம் எப்படி மாமா?”

“பரவால்லம்மா. செகண்ட் ஆஃப்தான் ஒரே இழுவை.”

தட்டை வைத்துவிட்டு அவள் நகராமல் நிற்பாள்.

“மீன் மார்க்கெட் சண்டைல வர்றான். தாடி வச்சிருக்கான்.”

மறுநாள் அவள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். கண் வீங்கியிருக்கும்.

அதற்கு முந்தின படத்தில் பைக்கிலிருந்து குதித்தது கதாநாயகி இல்லை. சிவப்புப் புடவை கட்டிய டில்லிபாபு. அதைச் சொன்னபோது எழிலரசி சிரித்துவிட்டாள். சாவுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்ததற்காகவே பிறகு வெகுநேரம் அழுதாள்.

இன்னும் ஒரு படம் பாக்கி இருந்தது.

அவன் செத்த படம்.

வெளியாவதற்கு முன் ஸ்டன்ட் மாஸ்டர் வீடு தேடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்த ஷாட்ட வைக்கலண்ணே. என் புள்ளைங்க மேல சத்தியம்.”

“நான் மொதல்ல பாத்துட்டு வந்துடறேம்மா. அப்புறமா நீ போ” என்று எழிலரசியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. கூடவே இருந்து குழி பறிக்கும் நண்பன். காது கிழியும் பாட்டு. அழுவதற்கென்றே ஒரு தங்கச்சி.

இடைவேளைக்குச் சற்று முன்னால், கட்டி முடிக்காத கட்டடத்தில் வில்லனின் ஆட்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் குறி தவறிவிட்டுச் சிரித்தான். கேமரா அவன் முகத்துக்குப் போனது.

ஒட்டுத்தாடி இல்லை. விக் இல்லை. டில்லிபாபுவின் சொந்த முகம், திரை முழுக்க.

வீட்டில் அவன் கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தான் என்று அவருக்கு நினைவில்லை. அப்பா இருக்கும் இடத்தில் அவன் சிரிப்பதில்லை.

கதாநாயகன் வந்தான். அடி விழுந்தது. டில்லிபாபு பின்வாங்கிக்கொண்டே மாடிப்படி ஏறினான். மேல் தளத்தின் விளிம்புவரை போனான்.

விழுந்தான்.

தரையைத் தொடுவதற்குள் காட்சியை வெட்டியிருந்தார்கள். அடுத்து, அதே பச்சைச் சட்டையில் வேறு யாரோ குப்புறக் கிடந்தான்.

“செம்ம ஃபால் மச்சான்!” பின்வரிசையில் கை தட்டினார்கள்.

இடைவேளை விளக்கு எரிந்தது. பாப்கார்னும் கையுமாக அவர் முழங்காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

எழிலரசி வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

“வர்றாரா மாமா?”

“இல்லம்மா. மொத்தமா வெட்டிட்டாங்க.”

“மூஞ்சிகூடவா?”

“எதுவுமே இல்ல. நீ போவாத. படமும் நல்லால்ல.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு சோறு போட உள்ளே போனாள்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அத்தனை பெரிய சிரிப்பை அவளிடம் இல்லை என்று சொல்லியாயிற்று.

அந்த வாரத்திலேயே, கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு மறுபடியும் தியேட்டருக்குப் போனார். சிரிப்பை மட்டும் பார்ப்பது, கதாநாயகன் வருவதற்குள் வெளியேறிவிடுவது. அதுதான் எண்ணம்.

தியேட்டர் காலியாகக் கிடந்தது.

கேரம் போர்டு வந்தது. குறி தவறியது. சிரித்தான்.

எழுந்து இருட்டில் தடவித் தடவி மேலேறினார். கடைசி வரிசையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். திரை வெளிச்சம் அவள் முகத்தில் அடித்தது.

எழிலரசி.

அவளும் பார்த்துவிட்டாள். கையும் களவுமாகப் பிடிபட்டவராக அவர் நின்றார். மடிந்திருந்த பக்கத்து இருக்கையை அவள் இறக்கிவிட்டாள். உட்கார்ந்தார்.

“நீங்க சொன்ன மறுநாளே வந்துட்டேன் மாமா. உங்க மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சிபோச்சு.”

அவர் திரையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அதுலருந்து டெய்லி வர்றேன். அவரு படியில கால் வச்சதும் எந்திரிச்சி ஓடிடுவேன். அதுக்கு மேல பாத்ததில்ல.”

கதாநாயகன் உள்ளே வந்துவிட்டான். விசிலடிக்க ஆளில்லை.

“எந்திரி எழிலு. போலாம்.”

அவள் தலையாட்டி மறுத்தாள்.

“இன்னிக்கி நீங்க இருக்கீங்கல்ல மாமா.”

அவர் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டில்லிபாபு பின்வாங்கிக்கொண்டே முதல் படியில் கால் வைத்தான்.